அன்று அரை நூல், இன்று ஆறு தசமம்

பூச்சோங்கில் ‘பதினாலாம் கட்டை’ என்று ஓர் இடம் இருக்கிறது. மலாயில் ‘பத்து 14’ (பத்து என்றால் கல்; நாங்கள் கட்டை என்பது மைல்கல்லை). கட்டையைத் தேடிப் போனால் ஏமாந்து திரும்ப வேண்டியதுதான். மைல் கணக்கு போய்க் கிலோமீட்டர் வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. கல் போய்விட்டது; எண் மட்டும் ஊர்ப்பெயராக உட்கார்ந்துகொண்டது. போன வருடம் அந்தப் பக்கம் காரில் போகும்போது என் பேரன் கேட்டான்: “பதினாலுன்னா எங்கேருந்து பதினாலு, தாத்தா?”

கோலாலம்பூரிலிருந்து பழைய கிள்ளான் சாலை வழியாக வந்தால் பதினான்கு மைல், இன்றைய கணக்கில் இருபத்திரண்டரைக் கிலோமீட்டர் என்று சொன்னேன்.

“அப்ப அதையும் எழுதி வெச்சிருக்கலாம்ல?” என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ‘எங்கேருந்து’ என்ற இதே கேள்வியை, இவன் வயதில் நான் இருந்தபோது, என் அப்பா என்னிடம் கேட்டிருந்தார். அன்று அவர் கையில் இருந்தது ஒரு பொம்மை விமானத்தின் பிளான்.

எண்ணெய் தடவிய பிளான்

அறுபதுகளில் பூச்சோங் சாலையின் இருபுறமும் கித்தா (ரப்பர்) மரங்கள்தான். இடையிடையே லம்பங்கள் என்ற ஈயச் சுரங்கங்கள், அவை தோண்டிவிட்டுப்போன குளங்கள். கின்ராராவில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனை இருந்தது. அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் படித்துப் போட்ட பத்திரிகைகள் பழைய பேப்பர்காரரிடம் கட்டுக்கட்டாக வரும். அப்படி வந்த ஒரு கட்டில்தான் மாதிரி விமானம் செய்கிறவர்களுக்கான இதழ் ஒன்று எனக்கு அகப்பட்டது. பிரிட்டனில் 1935 முதல் ‘ஏரோமாடலர்’ வந்துகொண்டிருந்தது. அதைப் போல இன்னும் சில. என் கைக்கு வந்தது எது என்று தெரியாது, அட்டை கிழிந்திருந்தது. நடுவில் மடித்து வைத்த பிளான் மட்டும் பத்திரமாக இருந்தது. அது போதாதா?

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா தோட்டத்துத் தச்சர். லயத்து வரிசை வீடுகளின் கதவு, ஜன்னல், ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் கூடத்தின் சட்டங்கள் எல்லாம் அவர் கைவேலை. மாலையில் அவர் மிச்சம் வைக்கும் மரத்துண்டுகள் எனக்கு.

பிளானில் ஓர் இறக்கைதான் வரைந்திருந்தது. மற்றொன்றை நாமே திருப்பிப் போட்டு வரைந்துகொள்ள வேண்டுமாம். காகிதத்தில் எண்ணெய் தடவினால் கோடுகள் பின்பக்கம் தெரியும். அதன்மேல் வைத்து மறு இறக்கையைக் கட்டிவிடலாம். மாதிரி விமானக்காரர்களின் பழைய தந்திரம் அது. எங்கள் வீட்டில் இருந்தது தேங்காய் எண்ணெய். தடவினேன். கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. மறுநாள் காலை எறும்புகளும் தெரிந்தன.

சிக்கல் எறும்பில் இல்லை, எண்ணில் இருந்தது. இறக்கையின் நீளம் 18 என்று போட்டிருந்தது. பதினெட்டின் ஒரு பக்க அம்புக்குறி இறக்கையின் நுனியைத் தொட்டது. மறுபக்க அம்புக்குறி பத்திரிகை மடிப்புக்குள் போய் மறைந்துவிட்டது. அது விமான உடலின் நடுக்கோட்டில் முடிகிறதா, பக்கவாட்டில் முடிகிறதா? அப்பாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“பதினெட்டு, சரி. எங்கேருந்து?”

“தெரியலப்பா.”

“எங்கேருந்துன்னு தெரியாதது அளவு இல்லடா. வெறும் நம்பர்.”

நான் கேட்கவில்லை. பக்கவாட்டிலிருந்து அளந்து அறுத்தேன். ஒவ்வொரு இறக்கையும் முக்கால் அங்குலம் கூடிவிட்டது. அதோடு இன்னொரு கோளாறும் சேர்ந்தது. பலகையின் கனம் 1/16 அங்குலம் என்று பிளான் சொன்னது. எந்த மரம் என்று சொல்லவில்லை. பால்சா என்பது அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். எங்களுக்கு மெல்லிய மரம் என்றால் ஜெலுத்தோங். இழை நேராக ஓடும். கத்தி வெண்ணெயில் போவது போலப் போகும். வார்ப்பட அச்சு செய்கிறவர்கள் உலகம் முழுக்கத் தேடி வாங்கிய மலாயா மரம் அது. ஆனால் பால்சாவைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். அப்பா சீவிக் கொடுத்த ஜெலுத்தோங்கில் செய்த என் விமானத்தைத் தோட்டத்துச் சரிவில் நின்று வீசினேன். தென்னையிலிருந்து காய் விழுவது போல விழுந்தது.

வீசம் தெரிந்த கை

அங்குலத்தை இங்கே நாங்கள் ‘இஞ்சி’ என்போம், மலாயிலிருந்து ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் தசமம் மட்டும் கற்ற நான், 3/32 இஞ்சி, 5/64 இஞ்சி என்று எழுதிய பிளானைப் பார்த்தால் இஞ்சி தின்ற குரங்காகத்தான் முழிப்பேன். அப்பாவுக்கோ அது தாய்மொழி மாதிரி. அடிக்கோலில் ஓர் அங்குலத்தை அரையாக்கி, கால் ஆக்கி, எட்டாக, பதினாறாக, முப்பத்திரண்டாகப் பிரித்திருக்கிறார்கள் அல்லவா? தமிழ்க் கணக்கின் பின்ன வரிசை அப்படியே அங்கே நிற்கிறது: அரை, கால், அரைக்கால், வீசம், அரை வீசம், கால் வீசம். ஒவ்வொரு படியும் முந்தையதில் பாதி. பதினாறில் ஒன்று வீசம் என்று தாத்தாவிடம் வாய்ப்பாடாகக் கற்ற மனிதருக்கு, வெள்ளைக்காரன் அடிக்கோல் புதிதாக எதையும் சொல்லித்தரவில்லை.

தொழிலில் அவர் பேசியது நூல் கணக்கு. எட்டு நூல் ஓர் அங்குலம். 1/8 இஞ்சிப் பலகை ஒரு நூல், 1/16 அரை நூல். ‘நூல் பிசகாமல்’ என்ற பேச்சு எங்கள் வீட்டில் உவமை இல்லை, வேலைக் குறிப்பு.

லயத்துக்குத் தூண் நடும்போது ஒருநாள் பார்த்தேன். பத்து வீடுகள் ஒரே வரிசை. முதல் தூணிலிருந்து பத்து அடி அளந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து பத்து அடி அளந்து மூன்றாவது என்று நான் சுண்ணாம்புக் குறி போட்டுக்கொண்டு போனேன். அப்பா எல்லாவற்றையும் காலால் அழித்தார். “ஒன்னுலேருந்து ஒன்னு அளக்காத. எல்லாத்தையும் முதல் முளையிலேருந்தே அள.” ஒவ்வொரு முறையும் ஒரு நூல் பிசகினால் பத்தாவது வீட்டில் அது ஒன்றேகால் அங்குலமாக வந்து நிற்கும். முதல் முளையிலிருந்தே அளந்தால் எந்தத் தூணிலும் பிசகு ஒரு நூலைத் தாண்டாது.

இயந்திர வரைபடக்காரர்கள் இதையேதான் சட்டமாக எழுதி வைத்தார்கள் என்று பின்னாளில் தெரிந்தது. பிரிட்டனின் வரைபடத் தரக்கையேடான பிஎஸ் 308 முதன்முதலில் 1927-இல் வந்தது. ஓர் அளவை ஒரே இடத்தில்தான் எழுத வேண்டும், அதையும் ஒரு பொது ஆதாரத்திலிருந்து சொல்ல வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். பொழுதுபோக்குப் பிளான் வரைந்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஓர் அளவை மூன்று இடத்தில் எழுதி மூன்றும் வேறாக இருக்கும். அல்லது தேவையான ஒன்றை எங்கேயும் எழுதாமல் விட்டிருப்பார்கள். துண்டு அளவுகள் எல்லாம் இருக்கும். கூட்டிப் பார்த்தால் மொத்தத்தோடு பொருந்தாது. எது சரி? ‘அளந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்றால், படத்தின் ஓரத்தில் ‘படத்தை அளக்காதீர்’ என்று ஒரு வரி. மிரட்டுகிற வாத்தியாரிடம் பாடம் கேட்பது போல.

மீட்டர் பாதையில் அடிக்கணக்கு

விமானம் விழுந்த பிறகு ரயில் பக்கம் திரும்பினேன். ப்ரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் மாமா ஒருவர் இருந்தார். அவர் வீட்டு வாசலில் நின்று கிள்ளான் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, அந்தச் சரக்குப் பெட்டி ஒன்றைச் சிறிதாகச் செய்துவிட வேண்டும் என்று ஆசை.

மலாயாவின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் நடுவே ஓடியது. கோலாலம்பூர்–கிள்ளான் பாதை அடுத்த ஆண்டே, 1886-இல், வந்துவிட்டது. தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர். அடியும் அங்குலமும் ஆண்ட சாம்ராஜ்யத்தில் இந்த மீட்டர் எங்கிருந்து நுழைந்தது? இந்தியாவிலிருந்து. 1870-களின் தொடக்கத்தில், மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்த காலத்தில், இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறப்போகிறது என்ற நம்பிக்கையில் சிறு பாதைக்கு ஒரு மீட்டர் என்று முடிவு செய்தார்கள். மெட்ரிக் வரவில்லை, பாதை வந்துவிட்டது. பர்மாவிலும் மலாயாவிலும் அதே அகலம்.

ஆகவே எங்கள் ரயில் பிறந்ததே அலகுக் குழப்பத்தில். பாதை மீட்டரில், அதன்மேல் ஓடும் பெட்டியின் நீளம், அகலம், சக்கரம், திருகு எல்லாம் அடி அங்குலத்தில். பிரிட்டிஷ் வரைவாளர் ஒரு மீட்டர் என்று எழுதமாட்டார். மூன்று அடி மூன்றேமுக்கால் அரைக்கால் அங்குலமா, மூன்றே அரைக்கால் அங்குலமா என்று மங்கிய நகலில் கண்ணைக் குத்திக்கொண்டு பார்த்தால், 3 அடி 3 3/8 அங்குலம். அதாவது மூன்று அங்குலம் மூன்று நூல். அப்பா கேட்டதும் சொல்லிவிட்டார்.

அதைச் சிறிதாக்கும்போது இரண்டாவது குழப்பம் பிறக்கும். தமிழில் நமக்கு ‘ஸ்கேல்’ என்றால் அடிக்கோலும் அதுதான், சிறிதாக்கும் விகிதமும் அதுதான். ஆங்கிலேயர் கையில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. பிரிட்டனில் பெரும்பாலோர் செய்யும் ‘ஓஓ’ அளவு ரயிலின் விகிதம் என்ன தெரியுமா? ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர். ஒரே வாக்கியத்தில் இரண்டு அரசாங்கம்! கணக்குப் போட்டால் 76.2-இல் ஒரு பங்கு. பக்கத்து ஐரோப்பாவில் ‘எச்ஓ’ அளவு. அது 87-இல் ஒரு பங்கு. பிரிட்டிஷ் இன்ஜின் உருவத்தில் சிறியது. அதை 87-ஆல் வகுத்தால் அந்தக் கால மோட்டார் உள்ளே அடங்கவில்லை. அதனால் வண்டியை மட்டும் பெரிதாக்கிவிட்டு, பாதையை அதே 16.5 மில்லிமீட்டரில் விட்டுவிட்டார்கள். இன்றுவரை அந்தப் பொம்மை ரயில்கள் கொஞ்சம் ஒடுங்கிய பாதையில்தான் ஓடுகின்றன.

மற்ற விகிதங்களின் பிறப்பும் இப்படித்தான். பொம்மை விமானங்களின் 1/72, ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆவான் என்ற கணக்கு. ஜப்பானின் தமியா நிறுவனம் அறுபதுகளில் செய்த டாங்கியின் 1/35, உள்ளே பேட்டரியும் மோட்டாரும் அடங்க வேண்டும் என்பதற்காக வந்த அளவு. பேட்டரிக்காக வந்த எண்ணைத்தான் உலகத்து மாதிரி டாங்கிகள் பலவும் பின்னால் பின்பற்றின.

நான்கு மில்லிமீட்டர் கணக்கில் எங்கள் மீட்டர் பாதை 13 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கடையில் கிடைத்தது 12. ‘அந்த ஒரு மில்லிமீட்டரை யார் பார்க்கப் போகிறார்கள்’ என்று எல்லோரும் சொன்னார்கள். நான் பார்த்தேன். பதினைந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பென்சில் கோட்டின் கனம் அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 76-இல் ஒரு பங்கில் அந்தக் கோடு நிஜத்தில் ஒன்றரை அங்குலம். ‘கோட்டில் அறு’ என்று பிளான் சொன்னால், கோட்டின் எந்த ஓரத்தில்?

சிற்பியின் அங்குலம்

இந்தத் தலைவலி இல்லாத ஒரு வரைபட மரபை நான் இதே ஊரில்தான் பார்த்தேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் கோயில் கட்ட, திருப்பணி செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சிலைக்குக் கோடு போடுவதை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அடிக்கோல் எடுக்கவில்லை. ஓர் ஓலை நறுக்கு. சிலைக்கு என்ன உயரம் வேண்டுமோ அதை அந்த ஓலையில் வைத்துப் பாகம் பாகமாக மடித்தார்.

தாளக் கணக்கு அது. முகத்தின் நீளம் ஒரு தாளம். ஒரு தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். உத்தம தச தாளத்தில் சிலையின் உயரம் 124 பங்கு. அந்த ஒரு பங்குக்குத் ‘தேகலப்த அங்குலம்’ என்று பெயர்: உடம்பிலிருந்தே பெற்ற அங்குலம். அரை அடிச் செப்புத் திருமேனிக்கும் ஆளுயரக் கருங்கல்லுக்கும் அதே கணக்குதான். உருவம் சிறிதானால் அதன் அங்குலமும் சிறிதாகும். சிறிதாக்கும்போது எதையும் வகுக்க வேண்டாம், மெட்ரிக்குக்கு மாற்ற வேண்டாம். 2006-இல் பத்துமலையில் திறந்த முருகன் சிலையின் உயரத்தை நாம் 140 அடி என்றும் 42.7 மீட்டர் என்றும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். முகத்துக்கு உடம்பு எத்தனை பங்கு என்ற கேள்விக்கு அடியும் தேவையில்லை, மீட்டரும் தேவையில்லை.

பிளானுக்குள்ளேயே அலகு இருக்கிறது. எங்கிருந்து அளப்பது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது: முகத்திலிருந்து. என் ஆங்கிலப் பத்திரிகைப் பிளான்களில் இல்லாதது இந்த இரண்டும்தான்.

நடுவில் வந்த நகல் இயந்திரம்

மலேசியாவில் எடை, அளவைச் சட்டம் 1972-இல் வந்தது. எழுபதுகள் முழுக்க நாங்கள் இரண்டு உலகத்தில் வாழ்ந்தோம். சந்தையில் கட்டியும் தஹிலும் மெல்ல மெல்லக் கிலோவுக்கு வழிவிட்டன. துணிக்கடையில் ‘ஏலா’ மீட்டரானது. சாலையோரத்துக் கட்டைகள் போயின. முழுதாக மாறினோமா என்றால் இல்லை. இன்றும் இரும்புக்கடையில் “நாலுக்கு எட்டு ப்ளைவுட், பன்னிரண்டு மில்லி” என்றுதான் கேட்கிறோம்: நீள அகலம் அடியில், கனம் மில்லியில். காரின் டயரைக் குனிந்து பாருங்கள், அகலம் மில்லிமீட்டரில், உள்வட்டம் அங்குலத்தில். வீட்டு விளம்பரம் சதுர அடியில். அதே வீட்டின் பிளான் நகராண்மைக் கழகத்துக்குப் போகும்போது மில்லிமீட்டரில்.

மாதிரி செய்கிறவனுக்கு இது நேராக மரத்தில் வந்து இடித்தது. பழைய பிளான் 1/8 அங்குலப் பலகைக்குக் காடி வெட்டச் சொல்லும், அது 3.175 மில்லி. கடைப் பலகை மூன்று மில்லி. காடி ஒவ்வொன்றிலும் 0.175 மில்லி ஆட்டம். பத்துப் பலகையை அடுக்கினால் ஒன்றேமுக்கால் மில்லி காணாமல் போகும்.

எண்பதுகளில் நகல் இயந்திரம் வந்தபோது விடிவு வந்தது என்று நினைத்தேன். சிறிய பிளானைப் பெரிதாக்க 141 சதவீதத்தில் ஒரு முறை, அந்த நகலை மறுபடி 141-இல் ஒரு முறை எடுத்தால் இரண்டு மடங்கு. அப்படித்தான் கடைக்காரரும் சொன்னார், நானும் நம்பினேன். 1.41-ஐ 1.41-ஆல் பெருக்கினால் 1.988. முப்பத்தாறு அங்குல இறக்கையில் ஐந்து மில்லிக்கு மேல் குறைந்துவிட்டது. அதற்கும் மேல், நகல் இயந்திரம் நீளத்தையும் அகலத்தையும் ஒரே மாதிரி பெரிதாக்குவதில்லை. வட்டச் சக்கரம் கோழிமுட்டையாக வரும். மழைக்காலத்தில் காகிதம் ஈரம் குடித்து, இழைக்குக் குறுக்கே ஊதிக்கொள்ளும். எங்கள் ஊரில் மழைக்காலம் எப்போது இல்லை?

அரிசிமணி வண்டி

இன்று பூச்சோங்கில் கித்தா மரத்தைத் தேடினால் கிடைக்காது. 1999-இல் டாமான்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலை வந்தது. 2016-இல் எல்ஆர்டி வந்தது. லம்பம் விட்டுப்போன குளங்களின் கரையில் அடுக்குமாடிகள். மகன் வீடு அப்படி ஒரு மாடியில். பேரனின் மேசைக்கு அடியில் முப்பரிமாண அச்சு இயந்திரம் முனகிக்கொண்டிருக்கிறது. பள்ளியில் என் பிள்ளைகள் காலத்தில் ‘கெமாஹிரான் ஹிடுப்’ என்று மரமும் ஆணியுமாக இருந்த பாடம், 2017 முதல் இடைநிலைப்பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று மாறியிருக்கிறது. மூன்று பக்கத் தோற்றமும் வரைகிறார்கள், எல்லாம் மில்லிமீட்டர்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மறு இறக்கைக்கு எண்ணெய் வேண்டாம், எறும்பு வேண்டாம்; ஒரு பொத்தானைத் தட்டினால் திரும்பிக்கொள்கிறது. வட்டம் வட்டமாகவே பெரிதாகிறது. தப்பாகப் போனால் இன்னொன்று அச்சடிக்கலாம். எனக்கு ஒரு தப்பு என்றால் அப்பா சீவித் தந்த பலகை போயிற்று, ஒரு வாரம் போயிற்று.

ஆனால் எண்கள் சும்மா இருக்கவில்லை. முன்பு எண் பஞ்சம். இப்போது எண் வெள்ளம். தோட்டத்து லயம் ஒன்றின் பிளான் பிடிஎஃப் ஆகக் கிடைத்தது. கதவின் உயரம் 1981.2 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. தலை சுற்றியது. எந்தத் தச்சன் புள்ளி இரண்டு மில்லிக்குக் கதவு செய்தான்? யோசித்தால் அது ஆறரை அடி. அப்பா கண்ணால் பார்த்தே “ஆறரை போதும்” என்று சொன்ன கதவு. யாரோ அதை 304.8-ஆல் பெருக்கி, அப்பா அறியாத ஒரு துல்லியத்தை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். கணினிக்குள் போனால் இன்னும் மோசம். 38.097436 என்று ஆறு தசம இடம் காட்டும். மனிதத் தலைமுடியைப் பிளந்து பிளந்து பிளந்தாலும் அந்தக் கடைசி ஆறைத் தொட முடியாது.

அந்தப் பிடிஎஃப்பை வீட்டில் அச்சடித்தோம். ‘தாளுக்குப் பொருத்து’ என்ற இடத்தில் இயந்திரம் தானாகவே சரி போட்டுவிட்டது. நூறு மில்லிமீட்டர் என்று எழுதிய சோதனைக் கோட்டை அளந்தால் 97. நகல் கடைக்காரராவது சில்லறை வாங்கிக்கொண்டு ஏமாற்றினார்.

பிறகு ஒருநாள் பேரன் ஓர் அதிசயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். எனக்குப் பிடித்த சரக்குப் பெட்டியை இணையத்தில் தேடிப் பிடித்து இறக்கி, எனக்குத் தெரியாமல் பிறந்தநாள் பரிசாக அச்சடித்திருக்கிறான். உள்ளங்கையை விரித்தான். அரிசிமணி அளவில் ஒரு பிசிறு.

“தாத்தா, ஃபைல்ல எல்லாம் கரெக்டாதான் இருந்துச்சு லா.”

கரெக்டாகத்தான் இருந்தது. அந்தக் கோப்பு வகைக்கு எஸ்டிஎல் என்று பெயர், 1987-இல் பிறந்தது. உருவத்தை ஆயிரக்கணக்கான முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முனையும் எங்கே இருக்கிறது என்று எண்களால் சொல்லும். அலகு என்ன என்று எழுத அதில் இடமே இல்லை. வரைந்தவர் அங்குலத்தில் வரைந்தார். நம் இயந்திரம் மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டது. வண்டி இருபத்தைந்து மடங்குக்கு மேல், சரியாக 25.4 மடங்கு, சுருங்கிவிட்டது.

லேசர் வெட்டுக் கடைக்குப் போனாலும் அதே கதை. ஒளிக்கற்றை போன வழியில் 0.1, 0.2 மில்லி மரம் எரிந்து காற்றில் போகிறது. அந்த அகலம் கோட்டின் உள்ளேயா, வெளியேயா, நடுவிலா? கடையில் இருந்த இளைஞர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “அங்கிள், எங்கேருந்து கணக்கு வெச்சீங்க?” பென்சில் கோடு போய் ஒளிக்கோடு வந்திருக்கிறது. கேள்வி அங்கேயே நிற்கிறது.

அம்மாவின் சேலை

அரிசிமணி வண்டியை நான் தூக்கிப் போடவில்லை. ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். அது வந்த பிறகுதான் பேரனுக்கு இந்த வேலையில் ருசி பிறந்தது. “நம்ம வீட்டையே செய்யலாமா, தாத்தா? நீங்க இருந்த லயம்?” என்றான்.

லயம் இல்லை. அது இருந்த மண்ணில் இப்போது ஒரு தாமான் குடியிருப்பு. அதே இடம்தானா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. பிளானும் இல்லை. அப்பா காகிதத்தில் எதையும் வரைந்தவர் இல்லை. இணையத்துப் பிளானின் 1981.2 எனக்கு வேண்டாம். எங்கள் வீட்டு முகப்பின் அகலம் என்ன? பத்து அடி என்று ஞாபகம். ஞாபகம் அளவாகுமா?

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலை, பால்கனியில் மருமகள் துணி காயப்போடுவதைப் பார்த்தபோது கிடைத்துவிட்டது. வாசல் திண்ணையின் இரண்டு தூண்களுக்கு நடுவே அப்பா ஒரு கயிறு கட்டியிருந்தார். அம்மா சேலையை அதில்தான் காயப்போடுவாள். ஆறு கெஜம், பதினெட்டு அடி. இரண்டாக மடித்து முழுதாக விரித்துப் போட்டால் ஒன்பது அடி. போட்ட பிறகு இரண்டு பக்கமும் அரையரை அடிக் கயிறு மிஞ்சும். அந்த மிச்சத்தில்தான் என் பள்ளிச் சட்டை ஒரு பக்கம், தங்கையின் பாவாடை ஒரு பக்கம், சுருங்கிக்கொண்டு தொங்கும். என் சட்டை எப்போதும் கசங்கியிருந்ததற்கு அந்த அரை அடிதான் காரணம். அதை நான் மறக்க முடியாது. ஆக மொத்தம் பத்து அடி.

பேரன் கைப்பேசியில் பார்த்துவிட்டு, “இப்ப சேலை அஞ்சரை மீட்டர்னு போட்டிருக்கு” என்றான். பதினெட்டு அடிக்கும் அதற்கும் வித்தியாசம் பதினாலு மில்லிமீட்டர்கூட இல்லை. பதினாலு என்றதும் இருவரும் சிரித்தோம்.

அப்புறம் விகிதம். அடிக்கு நான்கு மில்லிமீட்டர். வாழ்நாளெல்லாம் நான் திட்டிய அந்தக் கலப்படக் கணக்கு, பத்து அடியைச் சரியாக நாற்பது மில்லிமீட்டராக்கிக் கொடுத்தது. தசமம் ஒன்றுகூட இல்லை. கணினியில் 40 என்று அடித்தவன் விரலை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“எங்கேருந்து, தாத்தா? தூணோட நடுவுலேருந்தா, ஓரத்துலேருந்தா?”

கயிறு கட்டியது தூணின் ஓரத்தில். “ஓரத்துலேருந்து ஓரத்துக்கு” என்றேன்.

அந்தக் கோப்பில் அதை எழுத இடமில்லை என்பது இப்போது அவனுக்குத் தெரியும். அதனால் கோப்பின் பெயரிலேயே எழுதினான்: ‘லயம், 40 மில்லிமீட்டர், தூண் ஓரம் முதல் தூண் ஓரம், பாட்டி சேலை அளவு.’